நடந்ததை ஒருவன் வந்து சொல்கிறான்

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் கிரேக்க நாடகங்களிலிருந்து தப்பிக்க முடியாது. இரண்டாம் வருடம் அது ஒரு முழுப் பாடம். பாளையங்கோட்டையில் பெண்கள் மட்டும் படிக்கிற கல்லூரி. நான் பேட்டையிலிருந்து பஸ் ஏறுவேன். டவுன், ஜங்ஷன் தாண்டி ஆற்றுப்பாலத்தில் பஸ் ஏறியதும் எவ்வளவு சுவாரசியமாகப் பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு, தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று எல்லோரும் ஒரு தடவை எட்டிப் பார்ப்போம். பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வோம்.

எனக்கு அந்த நாடகங்கள் பிடிக்கவில்லை. எரிச்சல் என்றே சொல்ல வேண்டும். எதை எடுத்தாலும் ஓர் அரண்மனை வாசல். வாசலில் நின்று பேசுவார்கள். பேசிக்கொண்டே இருப்பார்கள். கொலை, தற்கொலை, சண்டை என்று கதையில் உள்ள சூடான சமாச்சாரம் முழுக்க கதவுக்கு உள்ளேயோ எங்கோ தொலைவிலோ நடந்து முடிந்துவிடும். பிறகு ஒருவன் வந்து நடந்ததைச் சொல்வான். பக்கம் பக்கமாகச் சொல்வான். நடுவில் ஊர்ப் பெரியவர்கள் கூட்டமாக நின்று "ஐயோ, இப்படி ஆகிவிட்டதே" என்று பாடுவார்கள். அவர்களில் ஒருவரும் இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகர மாட்டார்கள். டவுன் தியேட்டரில் என் அண்ணனோடு உட்கார்ந்து, கதாநாயகன் கண் முன்னாலேயே பத்துப் பேரை அடித்துப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இதென்ன நாடகம் என்று இருந்தது.

எங்கள் பேராசிரியை நல்லவர்தான். ஆனால் நோட்ஸ் சொல்லி எழுத வைப்பார். தூதன் பேச்சு எதற்கு, பாடற்குழுவின் வேலை என்ன என்று ஒவ்வொன்றுக்கும் விடை இருந்தது. விடையை மனப்பாடம் செய்தோம். நாடகத்தை வாசித்தவர்கள் வகுப்பில் மிகக் குறைவு. வாசித்து ரசித்தவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அவள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து காலை ரயிலில் வருவாள். ஈரத் தலையை நுனியில் முடிந்துகொண்டு, ரயிலில் பாதி, வகுப்பில் பாதி என்று அந்தத் தடித்த புத்தகத்தை வாசித்துக்கொண்டே இருப்பாள். மதியம் அவள் டிபன் பாக்ஸில் தயிர் சாதத்தோடு இருக்கும் அப்பளம் எனக்கு, என் டிபன் பாக்ஸில் இருக்கும் தேங்காய்ச்சோறு அவளுக்கு என்று மூன்று வருடமும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. நாடகங்களைப் பற்றி மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

கல்லூரி விழாவுக்கு அதில் ஒரு நாடகத்தின் கடைசிப் பகுதியைப் போடலாம் என்று சொன்னவளும் அவள்தான். செத்துப்போன அண்ணனை அடக்கம் செய்யக் கூடாது என்று அரசன் போட்ட கட்டளையை ஒரு தங்கை மீறுகிறாள். அரசனின் பிடிவாதத்தில் அவளும் சாகிறாள், அவளைக் கட்டிக்கொள்ள இருந்த அரசனின் மகனும் சாகிறான். அந்த மகன் செத்த செய்தியை அரசியிடம் ஒரு தூதன் வந்து சொல்ல வேண்டும்.

"நீதான்டி தூதன்" என்றாள் தோழி. "நெட்டையா இருக்கே. குரலும் கணீர்னு இருக்கு."

"நீ?"

"நான் அரசி."

அரசிக்கு வசனம் மிகக் கொஞ்சம் என்று அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. தூதன் சொல்வதைக் கேட்டுவிட்டு அரசி ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போய்விடுகிறாள். "அம்மாவோட கல்யாணப் பட்டைக் கட்டிண்டு வரேன், வாயைத் திறக்காம உள்ள போகணுமாம்" என்று ஒத்திகை நாள் முழுக்கப் புலம்பினாள்.

மேடை ஏற வீட்டில் அனுமதி வாங்குவது சுலபமாக இல்லை. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. உம்மாதான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். எனக்காகப் பேசியது காக்கா. அண்ணனை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். எலெக்ட்ரீஷியன் படிப்பு முடித்துவிட்டு விசாவுக்குக் காத்திருந்தான்.

"பொம்பளைவ மட்டும் பாக்குற நாடகம்மா அது. வாட்ச்மேனக்கூட உள்ள விட மாட்டாவ" என்றான் உம்மாவிடம்.

"பொம்பள பாத்தா மட்டும்? ஆம்பள வேஷம்லா கட்டுதா."

"வேஷம்னா நீ என்னமோ நெனைக்க. செய்தி சொல்லுத ஆளு. தபால்காரர் மாதிரின்னு வச்சுக்கோயேன்."

தபால்காரர் என்றதும் உம்மா இறங்கி வந்தாள்.

சாயங்காலங்களில் மொட்டைமாடியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் ஒத்திகை நடக்கும். காக்காதான் அரசி. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருப்பான். நான் மாடிப்படியின் கீழே இருந்து மூச்சிரைக்க ஓடி வந்து, முழங்கால் போட்டு, ஆங்கிலத்தில் முழங்குவேன். அவனுக்குப் பாதி புரியாது. தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

"ஏளா, எதுக்கு இப்படி ஓடியாற?"

"தூதன்லா. ஓடித்தான வருவான்?"

"அவ மவன் செத்துட்டான்னு சொல்ல வாரான். அதுக்கு எவனாவது ஓடுவானா? காலு பின்னாலல்லா இழுக்கும். பைய வா."

நான் கேட்கவில்லை. விழா அன்று வாப்பாவின் வெள்ளை வேட்டியைச் சுற்றிக்கொண்டு மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடினேன். வேட்டி தட்டியது. அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் நான் சாவுச் செய்தியைச் சொல்லி முடித்துவிட்டேன். அரசி பட்டுப்புடவை சரசரக்க உள்ளே போனாள். கைதட்டல் பலமாக இருந்தது, எதற்கு என்றுதான் தெரியவில்லை.

வாசலில் காக்கா சைக்கிளோடு நின்றிருந்தான். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான். "சிரிச்சாவ" என்றேன். அவனும் சிரித்தான். பாலத்தில் சைக்கிளை நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மருத மரங்களுக்குக் கீழே யாரோ மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். விசா வந்துவிட்டது என்று அங்கேதான் சொன்னான்.

அதன் பிறகு காக்காவின் வாழ்க்கை முழுக்க வேறு இடத்தில் நடந்தது.

தன் கல்யாணத்துக்கு வந்தான். பிள்ளைகள் பிறந்தபோது வரவில்லை, அவர்கள் தவழ ஆரம்பித்த பிறகு வந்தான். வாப்பா மவுத்தானபோது அடக்கத்துக்கு வர முடியவில்லை. நடுவில் உள்ள வருடங்களில் அவனைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பிறர் வந்து சொன்னதுதான். எங்கள் தெருவில் அது ஒரு வழக்கம். லீவில் வருகிறவர்கள், வந்த மறுநாளே தங்களோடு இருக்கிறவர்களின் வீடுகளுக்குப் போய்விட்டு வருவார்கள். ஒரு பாட்டில் அத்தர், ஒரு டப்பா பால்பவுடர், அதோடு செய்தி. அன்று அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் எங்கள் வீட்டில் கூடிவிடுவார்கள். "தடிச்சிட்டான் மாமி, அடையாளமே தெரியாது", "இப்பம் சூப்பர்வைசர், பத்து பேரு அவருக்குக் கீழ", "மணல்காத்து அடிச்சா இருமல் வந்திருது, மத்தபடி சொகம்தான்" என்று வந்தவர் சொல்லுவார். அவன் தங்கியிருக்கும் அறையில் எத்தனை கட்டில், ஜன்னல் எந்தப் பக்கம், வெள்ளிக்கிழமை என்ன சமைப்பார்கள் என்பதெல்லாம் உம்மாவுக்குப் போகாமலே தெரியும். டீ கொதிக்கிற வாசனையும் புது அத்தரின் வாசனையும் கலந்த அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு இளகும். பிறகு செல்போன் வந்தது, வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிற வசதியும் வந்தது. ஆனாலும் லீவில் வந்த ஆள் நேரில் வந்து சொல்லுவதைத்தான் உம்மா நம்புவாள். "போன்ல எல்லாவனும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவான்" என்பாள்.

நான் பத்தமடையில் வாழ்க்கைப்பட்டேன். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியையானேன். இலக்கணமும் கடிதம் எழுதுவதும் சொல்லிக்கொடுக்கிற வேலையில் கிரேக்க நாடகத்துக்கு இடமில்லை. புத்தகத்தைக் கல்லூரி முடிந்ததுமே கொடுத்துவிட்டிருந்தேன். யாருக்குக் கொடுத்தேன் என்பதுகூட நினைவில்லை.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் காக்காவின் மனைவி, எங்கள் மதினியின் போனுக்கு அழைப்பு வந்தது. காக்காவுக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. உடலை இங்கே கொண்டுவருவதா, அங்கேயே அடக்குவதா என்று கேட்டார்கள். நாள் ஆகும், காக்க வைக்க வேண்டாம், அங்கேயே அடக்கிவிடுங்கள் என்று உம்மா சொன்னாள். நாங்கள் யாரும் முகம் பார்க்கவில்லை. அடக்கம் முடிந்தது என்ற செய்தியும் போனில்தான் வந்தது. பேட்டைப் பள்ளிவாசலில் அவனுக்காகத் தொழுகை நடந்தது. வீட்டில் பாத்திஹா ஓதினோம். எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் நடந்தது என்ன என்று எங்களுக்குத் தெரியவில்லை. இருந்தான், இப்போது இல்லை. நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, அவனோடு ஒரே அறையில் இருந்தவர் லீவில் வந்தார். களக்காட்டுக்காரர். இந்து. காக்காவோடு பல வருடம் இருந்தவர் என்பதால் அவர் பேரும் குரலும் எங்களுக்குப் பழக்கம்தான், நேரில் பார்த்ததில்லை. வருவதாகச் சொல்லியிருந்ததால் நானும் பத்தமடையிலிருந்து வந்திருந்தேன். காலையில் வருகிறேன் என்றவர் மதியம் தாண்டித்தான் வந்தார். கையில் ஒரு சீப்பு ஏத்தம்பழம். சட்டை முழுக்க வியர்வை.

"பஸ் கெடைக்கலையாய்யா?" என்று உம்மா கேட்டாள்.

"காலையிலேயே வந்துட்டேம்மா. அங்கன டீக்கடையிலதான் உக்காந்திருந்தேன். தெருவுக்குள்ள வரக் காலு வரல."

உம்மா அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அவர் தரையில் உட்கார்ந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்தார்கள். மதினி இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாது. அவள் உள் அறையில் திரைக்குப் பின்னால் இருந்தாள். திரையின் அடியில் அவள் பாதம் மட்டும் தெரிந்தது.

களக்காட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை.

"வெள்ளிக்கெழம எப்பவும் பாய்தான் கொழம்பு வைப்பாரு, ஆணம்னுதான் சொல்லுவாரு. அன்னைக்கும் வெள்ளன எந்திரிச்சாரு. நான் வெங்காயம் உரிச்சேன். அவரு நறுக்குனாரு. மவளுக்குப் பரீச்சை வருதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. நல்லாப் படிக்குதா, என் தங்கச்சிய மாதிரின்னாரு. அப்பம் தோளு கடுக்குன்னாரு. தூக்கத்துல கையி மடங்கிருக்கும்னு நான் சொன்னேன். அப்படித்தான் இருக்கும்னாரு. அடுப்ப அவரேதான் அணைச்சாரும்மா. அணைச்சிட்டு வந்து கட்டில்ல சாஞ்சு உக்காந்தாரு. தண்ணி குடுலேன்னாரு. நான் திரும்பி எடுக்கேன். குடுக்கேன். வாங்க அவரு கையி வரல."

"யா அல்லாஹ்" என்றாள் சுவரோரம் ஒருத்தி. இன்னொருத்தி மெல்ல ஓத ஆரம்பித்தாள்.

திரைக்குப் பின்னாலிருந்து மதினி என்னைக் கூப்பிட்டாள். போனேன். "கடைசியா எங்க பேரு எதாவது சொன்னாவளான்னு கேளு" என்றாள். நான் வெளியே வந்து கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல தங்கச்சி. தண்ணிதான் கேட்டாரு. பொய் சொல்லிரலாம்னு டீக்கடையில உக்காந்து நெனச்சேன். ஆனா அவரு கேட்டது தண்ணி." பிறகு திரையைப் பார்த்துச் சொன்னார்: "அதுக்கு முன்ன, வெங்காயம் நறுக்கையில சொன்னாரும்மா. இந்த ஆணத்த வீட்டுல வச்சா தெருவே மணக்கும், நான் வச்சா ரூமுகூட மணக்க மாட்டேங்குன்னு."

திரைக்குப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. அந்த இரண்டு மாதத்தில் மதினி வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

உம்மா கேள்வி கேட்க ஆரம்பித்தாள். யார் குளிப்பாட்டினார்கள்? தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததா? உடலைச் சுற்றிய கஃபன் துணி நல்ல துணியா? யாரெல்லாம் தூக்கினார்கள்? அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தெரிந்ததைத் தெரியும் என்றார், தெரியாததைத் தெரியாது என்றார். குளிப்பாட்டும்போது வெளியே நின்றதாகச் சொன்னார். கபுர்க்குழியில் எல்லோரும் மண் போட்டபோது தானும் போடலாமா என்று தெரியாமல் தள்ளி நின்றதாகவும், ஒரு மலையாளி இமாம் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் போடச் சொன்னதாகவும் சொன்னார்.

"மண்ணு எப்படி இருந்துச்சு?"

"மணலுதாம்மா. நம்ம ஆத்து மணலு மாதிரி இல்ல. மாவு மாதிரி நைசா. கையில நிக்கல."

உம்மா அதைக் கேட்டாள். பிறகு எழுந்தாள். ஒரு வார்த்தையும் சொல்லாமல் எங்களைத் தாண்டி உள்ளே போனாள்.

பக்கத்து வீட்டு மாமி கண்ணாலேயே என்னைப் பார்த்து, போ, கூடப் போ என்று ஜாடை காட்டினாள். நான் பின்னாலேயே ஓடினேன். அடுக்களையில் உம்மா அரிசி டிரம்முக்குள் கையை விட்டபடி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றிருப்பாள் என்று தெரியாது, நான் போய்த் தோளைத் தொடாவிட்டால்.

"கொஞ்சம் கூடப் போடு" என்றாள். "அவரு எப்பம் கெளம்பி, எப்பம் களக்காடு போய்ச் சேருவாரு. சாப்பிடாம அனுப்பலாமா?"

அன்று அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். உம்மா பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதார், அழுதுகொண்டே சாப்பிட்டார். வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் கோடை விடுமுறையில் கல்லிடைக்குறிச்சித் தோழி போன் செய்தாள். கணவர் ஓய்வு பெற்றதும் அவர்கள் சென்னையிலிருந்து ஊருக்கே திரும்பி வந்திருந்தார்கள். பழைய வீட்டைச் சரிசெய்கிறார்களாம்.

"காலேஜ் புஸ்தகமெல்லாம் பரண்லேர்ந்து இறக்கியிருக்கேன்டி. நம்ம கிரேக்க நாடகமும் இருக்கு. உனக்கு வேண்டாம்னு தெரியும். ஆனா அந்தச் சாக்குல வாயேன்."

சேரன்மகாதேவியில் ரயிலேறிப் போனேன். அவளுக்கு நரைத்துவிட்டது. எனக்கும்தான். அப்பளத்தோடு சாப்பாடு போட்டாள். நான் தேங்காய்ச்சோறு கொண்டு போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு ஆற்றுப் படித்துறையில் போய் உட்கார்ந்து காக்காவைப் பற்றிப் பேசினோம். அவளுக்கு அவனைத் தெரியும், கல்லூரி வாசலில் சைக்கிளோடு நிற்கிற அண்ணனாக. கிளம்பும்போது புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

திரும்புகிற ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வீரவநல்லூர் தாண்டியதும் சும்மா இருக்க முடியாமல் புத்தகத்தைத் திறந்தேன். நான் தூதனாக நடித்த அந்தக் கடைசிப் பகுதியைத்தான் முதலில் தேடினேன். வேட்டி தட்டியதை நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன்.

தூதன் உடனே செய்தியைச் சொல்லிவிடவில்லை. இது எனக்கு அப்போது தெரிந்திருக்கவே இல்லை, வரிகள் அத்தனையும் மனப்பாடமாக இருந்தும். மனிதர்களுடைய நிலைமை எப்படியெல்லாம் மாறிவிடுகிறது என்று எதையோ சொல்லிச் சுற்றுகிறான். அரசி வெளியே வந்து கேட்கிறாள். எனக்குத் துக்கம் பழக்கம்தான், சொல் என்கிற மாதிரிக் கேட்கிறாள். அப்போதுதான் அவன், நான் அங்கே இருந்தேன், எதையும் மறைக்காமல் சொல்கிறேன், பொய்யால் ஆறுதல் சொல்லி என்ன பயன் என்று ஆரம்பிக்கிறான். அந்த வரியைத் திரும்பவும் வாசித்தேன். முதலில் என்ன செய்தோம், பிறகு எங்கே போனோம், அந்த அண்ணனின் உடலை எப்படிக் கழுவினோம், எந்தக் கிளைகளை ஒடித்துப் போட்டு எரித்தோம், ஊர் மண்ணைக் குவித்து எப்படி மேடாக்கினோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். பக்கம் பக்கமாகச் சொல்கிறானே என்று எரிச்சல்பட்டவள் நான். இப்போது, முடித்துவிடாதே, இன்னும் சொல் என்று இருந்தது.

சொல்லி முடித்ததும் அரசி ஒன்றும் பேசாமல் உள்ளே போகிறாள்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். இருந்தாலும் எழுந்து அந்த வாசலுக்குள் ஓட வேண்டும் போல இருந்தது. சேரன்மகாதேவியில் இறங்க மறந்தேன். பேட்டை வந்துதான் நினைவு வந்தது. சரி, உம்மா வீட்டுக்கே போவோம் என்று இறங்கிவிட்டேன்.

சொல்லாமல் வந்து நின்றவளைப் பார்த்து உம்மா பதறினாள். ஒன்றுமில்லை, ரயிலில் வாசித்துக்கொண்டே இறங்க மறந்துவிட்டேன் என்றேன்.

"அப்படி என்ன வாசிச்ச?"

இத்தனை வருடத்தில் நான் வாசிப்பதைப் பற்றி உம்மா கேட்டதில்லை. மதினியும் வந்து உட்கார்ந்தாள். நான் கதையைச் சொன்னேன். தங்கை அண்ணனை அடக்கம் செய்யப் போகிறாள் என்ற இடத்தில் உம்மா "செய்ய வேண்டியதுதான, அதுல ராசாவுக்கு என்ன?" என்றாள். தூதன் வந்து சொன்னதையும் அரசி உள்ளே போனதையும் சொன்னேன்.

"உள்ள போயி?"

நான் மடியிலிருந்த புத்தகத்தைப் பைக்குள் வைத்தேன்.

"சொல்லு."

"உசுர மாச்சிக்கிட்டா, உம்மா."

உம்மா என்னைப் பார்த்தாள். "வாசல்ல அவ்வளவு ஆளு நின்னாவன்னியே. ஒருத்தரும் கூடப் போவலையா?"

"அந்தத் தூதன் போறான். ஆனா, என்னது இவ ஒண்ணும் பேசாமப் போறாளேன்னு அந்தப் பெரியவங்ககிட்ட பேசிட்டு, பொறவுதான் போறான்."

"அதென்ன பேச்சு?" என்றாள் உம்மா. நிஜமாகவே கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "பெத்தவ பேசாம உள்ள போறான்னா, நின்னு பேசிக்கிட்டா இருப்பாவ? வெளங்காத ஆளுவ."

மதினி சிரித்துவிட்டாள். காக்கா போன பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு. உம்மா அவளையும் முறைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை.

அந்தப் புத்தகத்தில் உள்ள மற்ற நாடகங்களையும் அந்த விடுமுறையில் வாசித்தேன். எல்லாமே பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒன்றில் கடவுள் வந்து திடீரென்று எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுப் போவது இப்போதும் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் வாசலில் நிற்கிற அந்தப் பெரியவர்கள் மேல் எனக்கு இருந்த எரிச்சல் போய்விட்டது. எங்கள் வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்களும் நடந்த எதையும் மாற்றவில்லை. அவர்கள் இல்லாமல் அந்த மதியத்தை நாங்கள் தாண்டியிருக்க மாட்டோம். களக்காட்டுக்காரர் திரும்பவும் வேலைக்குப் போய்விட்டார். பெருநாளைக்கு உம்மாவுக்குப் போன் செய்வார். அவரோடு இப்போது அறையில் இருக்கும் பையன்களைப் பற்றி, எத்தனை கட்டில், யார் சமைக்கிறார்கள் என்று உம்மா விசாரிப்பாள்.

தோழியும் நானும் மாதம் ஒரு சனிக்கிழமை அவள் வீட்டில் வாசிக்கிறோம். ஆங்கிலத்தில் வாசித்து, எங்களுக்குப் பிடித்த இடங்களைப் பேச்சுத் தமிழில் சொல்லிப் பார்ப்போம். அவள் கல்லிடைக்குறிச்சித் தமிழில் சொல்லுகிற அரசனும் நான் பேட்டைத் தமிழில் சொல்லுகிற அரசியும் சண்டை போட்டால் எங்களுக்கே சிரிப்பாக வரும். ஒரு தடவை உம்மாவையும் கூட்டிப்போனேன். முழங்கால் வலியோடு படித்துறையில் மெல்ல இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டுக்கொண்டாள். அணை திறந்த சமயம், தண்ணீர் படியை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் புத்தகத்தை எடுத்ததும் திரும்பிப் பார்த்தாள். "இன்னைக்கு யாரு மவுத்தாகுதா?" என்றாள்.

"யாரும் இல்ல மாமி, இது சிரிப்பு நாடகம்" என்றாள் தோழி.

"அப்பம் கொஞ்சம் சத்தமா வாசி. ஆத்துச் சத்தத்துல கேக்கல."

தோழி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு படி கீழே இறங்கி, உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தாள்.